முதிர்ந்த நாயகனோடு அடுத்த சாகசம்: கதை முதல் கால்ஷீட் வரை

முதலில் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். படம் வெளியான ஆண்டு, கதை நடக்கும் ஆண்டு, படப்பிடிப்பின்போது நடிகரின் வயது, கதைப்படி பாத்திரத்தின் வயது என்று நான்கு பத்தி. கதையை ஒரே வரியில் சொல்லும் ஒன்லைன்கூட இன்னும் வேண்டாம். பழைய சாகச வரிசை ஒன்றை, வயதான அதே நட்சத்திரத்தை வைத்துத் தொடரும்போது வருகிற சிக்கல்களில் பாதி இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

பழம்பொருள் தேடி அலையும் தொல்லியல் பேராசிரியரின் கதையான ஹாலிவுட்டின் இண்டியானா ஜோன்ஸ் வரிசையை வைத்தே இங்கே பேசுகிறோம். 1981 முதல் 2023 வரை ஐந்து படங்களில் ஒரே நடிகர் ஒரே பாத்திரத்தைச் செய்திருக்கிறார். நன்றாக வந்ததும் சறுக்கியதும் இரண்டுமே அதில் இருக்கின்றன. ஹாரிசன் ஃபோர்ட் பிறந்தது 1942 ஜூலை. பாத்திரம் பிறந்தது 1899 ஜூலை. முதல் படத்தின் கதை 1936-இல் நடக்கிறது. பாத்திரத்துக்கு 36, 37 வயது. 1980-இல் படமெடுத்தபோது ஃபோர்டுக்கு 37 முடிந்து 38. மூன்றாவது படத்தின் கதை 1938. பாத்திரத்துக்கு 39, நடிகருக்கு 46. நான்காவது 1957, பாத்திரம் 58, நடிகர் 65. ஐந்தாவது 1969, பாத்திரம் 70, நடிகர் 79. வித்தியாசம் ஏழு, ஏழு, ஒன்பது. பத்துக்குள் இருக்கும்வரை பார்வையாளர் கணக்குப் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்றாவது படத்துக்கும் நான்காவதுக்கும் நடுவே நிஜத்தில் 19 ஆண்டு (1989, 2008). கதையிலும் 1938-இலிருந்து 1957 வரை அதே 19 ஆண்டு. இதுதான் சரியான முறை. நிஜக் கடிகாரம் எவ்வளவு ஓடியதோ அவ்வளவு கதைக் கடிகாரத்தையும் ஓட விடுங்கள். 'போன படம் முடிந்த மறுவாரம்' என்று ஆரம்பித்தால் ஒவ்வொரு க்ளோஸப்பிலும் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பொய்க்கு மேக்கப், கிராஃபிக்ஸ், டூப் என்று மூன்று துறையும் கடைசிவரை சம்பளம் வாங்கும்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. பாத்திரத்தின் பிறப்பு ஒரு வரலாற்று நிகழ்வோடு ஆணியடித்து வைக்கப்பட்டிருந்தால் கடிகாரத்தை இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. 1996-இல் வந்த 'இந்தியன்' சேனாபதி சுதந்திரப் போராட்டக்காரர். 2024-இல் இரண்டாம் பாகம் வந்தபோது அவருக்கு நூறு வயதைத் தாண்டிவிட்டது. தியேட்டரில் உட்கார்ந்தபடியே ஜனங்கள் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். உங்கள் நாயகனின் பிறந்த ஆண்டு எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று எழுதுவதற்கு முன்பே தேடிப் பாருங்கள்.

கதை நடக்கும் ஆண்டு என்ன தருகிறது

ஆண்டு முடிவானதும் அந்த ஆண்டைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள். யார் கையில் அதிகாரம், எந்த எல்லை திறந்திருக்கிறது, எந்த வண்டி ஓடுகிறது, தொலைபேசி எப்படிப் பேசுகிறார்கள், எதற்கு ஜனங்கள் தெருவில் கூடுகிறார்கள். பத்தில் இரண்டு வரி கட்டாயம் காட்சியாகும்.

முதல் மூன்று படங்களும் 1930-களின் வாராவார சீரியல் படங்களின் சாயலில் வந்தவை. கதை 1957-க்கு நகர்ந்ததும் இயக்குநர் ஸ்பீல்பெர்க்கும் வரிசையை உருவாக்கிய லூகாஸும் அந்தக் காலத்து மலிவு விண்கலப் படங்களின் சாயலுக்கு மாறினார்கள். நாஜிகள் போய் சோவியத்துகள் வந்தார்கள். நெவாடாவின் அணுகுண்டுச் சோதனையும், எஃப்.பி.ஐ.யின் சந்தேகமும் கதைக்குள் நுழைந்தன. இதில் மிக நன்றாக எடுபட்டது அந்தச் சந்தேகம்தான். நாட்டுக்காக உழைத்த மனிதரை அவருடைய நாடே விசாரிக்கிறது, கல்லூரி வேலை போகிறது. கிழவராகிவிட்ட ஒரு சாகசக்காரருக்கு உலகம் தரும் அடி எது என்பதற்கு இதைவிடத் துல்லியமான பதில் அந்தப் படத்தில் இல்லை.

1969 இன்னும் நல்ல தேர்வு. அப்போலோ 11 வீரர்களுக்கு நியூயார்க் 1969 ஆகஸ்ட் 13 அன்று ஊர்வலம் நடத்தியது. ஊரே வானத்தைப் பார்க்கிறது, நம் ஆள் வாழ்நாளெல்லாம் மண்ணைத் தோண்டியவர். இந்த முரணுக்கு வசனமே வேண்டாம். வில்லன், அமெரிக்க ராக்கெட் திட்டத்தில் வேலை பார்க்கும் முன்னாள் நாஜி விஞ்ஞானி. ஜெர்மன் ராக்கெட் விஞ்ஞானி வெர்னர் ஃபான் பிரவுனை மனத்தில் வைத்து உருவாக்கிய பாத்திரம். போருக்குப் பிறகு ஜெர்மன் விஞ்ஞானிகளை அமெரிக்கா கொண்டுபோனது வரலாறு என்பதால், பழைய எதிரியும் நாயகனோடு சேர்ந்தே வயதாகி எதிரில் நிற்பது இயல்பாக அமைந்துவிட்டது. 79 வயது நடிகரை 30 வயது வில்லனோடு மோதவிட்டால் முதல் குத்திலேயே கதை முடிய வேண்டும். இருவரையும் ஒரே போரிலிருந்து வந்தவர்களாக்கினால் மோதல் கைகளைவிட்டுப் பழைய கணக்குக்குப் போய்விடும்.

வரிசைக்கும் வயதாகியிருக்கிறது

நட்சத்திரத்தின் முகத்தைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். வரிசையின் பழைய படங்களும் முதிர்ந்திருக்கின்றன, அவற்றின் சுருக்கங்கள் வேறு வகை. 1984-இல் வந்த இரண்டாவது படம் இந்தியாவில் நடக்கும் கதை. திரைக்கதையைப் பார்த்த இந்திய அரசு எடுக்க அனுமதிக்கவில்லை. அதனால் இலங்கையில் கண்டிப் பக்கம் எடுத்தார்கள். கயிற்றுப் பாலம், விக்டோரியா அணை கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு அருகே தொங்கியது. வட இந்தியக் கிராமம் என்று காட்டிய ஊரில் ஜனங்கள் சிங்களம் பேசுவார்கள். விருந்தில் குரங்கு மூளை பரிமாறுவார்கள், காளி கோயில் என்றால் நரபலி என்பார்கள். வில்லனாக அம்ரீஷ் பூரி எவ்வளவு கம்பீரமாக நடித்திருந்தாலும் அந்தக் காட்சிகளை இன்று நம் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும்போது நெளிய வேண்டியிருக்கிறது.

எனவே பழைய படங்கள் எல்லாவற்றையும் மறுபடி போட்டு, இன்று கூசுகிற இடங்களைப் பட்டியலிடுங்கள். திருத்துவதற்காக நாயகன் மன்னிப்புக் கேட்கும் காட்சி எழுதாதீர்கள். அது பிரசங்கமாகிவிடும். அந்தப் பட்டியலைக் கதைக்கு எரிபொருளாக்குங்கள். இந்த நாயகன் இளமையில் பொருளை எடுத்தவர். 'இது அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்' என்பது அவர் கொள்கை. யாருடைய அருங்காட்சியகம் என்று எவரும் கேட்கவில்லை. 1970-இல் கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை வந்தது. அதன்பின் உலகம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. நமக்கு இது தெரிந்த விஷயம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் நடராசர் திருடுபோய், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் காட்சிக்கு நின்று, 2014-இல் திரும்பி வந்தார்.

முதிர்ந்த சாகசக்காரருக்கு எங்கள் கணிப்பில் இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. முப்பது வருடத்துக்கு முன் தான் எடுத்துவந்த ஒன்றை அதே இடத்தில் திருப்பி வைக்கப் போகிறார். பழைய வழியெல்லாம் மாறியிருக்கும், அன்று ஏமாற்றிய பொறிகளை இன்று பின்புறமிருந்து கடக்க வேண்டும், அன்று அவரைத் துரத்திய ஊரின் பேரப்பிள்ளைகள் இன்று வழிகாட்ட வேண்டும். சாகசத்தின் எல்லா உறுப்பும் அப்படியே இருக்கும், உந்துதல் மட்டும் வயதுக்கு ஏற்றதாகிவிடும்.

துக்கத்தை எவ்வளவு வைப்பது என்பதிலும் அளவு தேவை. ஐந்தாவது படத்தில் ஆரம்பத்திலேயே மகன் வியட்நாமில் இறந்திருக்கிறான், விவாகரத்துப் பத்திரம் மேசையில் கிடக்கிறது, வேலையிலிருந்து ஓய்வு. மூன்றும் தனித்தனியே நல்லவை. ஒரே நேரத்தில் வைத்ததால் சாகசம் கிளம்புவதற்குள் பார்வையாளர் துவண்டுவிடுகிறார். இழப்பு ஒன்றே போதும். அதையும் முதல் பத்து நிமிடத்தில் சொல்லாமல் இடைவேளைக்குப் பிறகு அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அந்தப் படத்திலும் மகனைப் பற்றி கப்பலில் அவர் பேசும் இடம்தான் தேறியது.

சண்டையும் துரத்தலும்

வயது முதலில் பறிப்பது தரையிறங்குவதை. குதித்தால் முழங்காலும் இடுப்பும் அதிர்ச்சியை வாங்காது. அடுத்தது இடுப்பைத் திருப்பி அடிப்பது. பிறகு நின்ற இடத்திலிருந்து சட்டென்று ஓடத் தொடங்குவது. கடைசிவரை மிஞ்சுவது கைவேலை, உட்கார்ந்து செய்யும் வேலை, பார்வை, நேரம் தப்பாத எதிர்வினை. சண்டை மாஸ்டரோடு உட்காரும்போது இந்த வரிசையை முன்னால் வைத்துக்கொண்டு, மிஞ்சியவற்றிலிருந்து காட்சியைக் கட்டுங்கள்.

நான்காவது படத்தின் கல்லூரி மோட்டார் சைக்கிள் துரத்தலில் ஓட்டுவது இளைஞன், பெரியவர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். ஐந்தாவதில் மூன்று சக்கர ஆட்டோவில் துரத்தல். கதைப்படி டான்ஜியர், எடுத்தது மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில். ஸ்டீயரிங்கைப் பிடித்த கை, திட்டும் வாய், கண்ணாடியில் தெரியும் முகம் எல்லாம் நடிகருடையதே. வண்டி தாவுவது வேறு ஆள். உட்கார்ந்த துரத்தலில் நடிகரின் முகம் நீண்ட நேரம் ஃபிரேமில் நிற்கும். ஓடும் துரத்தலில் முதுகுதான் நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே வண்டி, படகு, ரயில் பெட்டி, லிஃப்ட் என்று நாற்காலியுள்ள இடங்களைத் தேடுங்கள்.

கைச்சண்டையை மூன்று அசைவுக்குள் முடியுங்கள். எதிரியைப் பேச்சில் தாமதப்படுத்துவது, சுற்றியுள்ள பொருளைத் துணைக்கு இழுப்பது, ஒரே அடி. இதற்கு வழிகாட்டி முதல் படத்திலேயே உண்டு. கெய்ரோ சந்தையில் வாள்வீரனோடு நீண்ட சாட்டைச் சண்டை திட்டமிட்டிருந்தார்கள். துனிசியாவில் எடுத்தபோது ஃபோர்டுக்குக் கடும் வயிற்றுப்போக்கு, நிற்கவே முடியவில்லை. துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டுப் போகிற மாதிரி சுருக்கினார்கள். அந்த வரிசையிலேயே அதிகம் கைதட்டல் வாங்கிய இடம் அது. உடல் முடியாதபோது புத்தி முந்திக்கொள்வதைப் பார்க்க ஜனங்களுக்கு எப்போதும் பிடிக்கும்.

அடித்தபின் வலிக்க வேண்டும். இந்த நாயகனின் தனிச்சிறப்பே அதுதான். முதல் படத்தில் 37 வயதிலேயே கப்பல் அறையில் உடம்பெல்லாம் வலிக்கிறது என்று முனகியவர். அதனால் முதுமை அவருக்குப் புதிய குணமல்ல, பழைய குணத்தின் நீட்சி. ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு விலை எழுதிவையுங்கள். இடது மணிக்கட்டு என்றால் அடுத்த மூன்று காட்சியிலும் இடது மணிக்கட்டு. கன்டின்யுயிட்டி, அதாவது காட்சிக்குக் காட்சி தொடர்ச்சி, பார்ப்பவரின் குறிப்பேட்டில் ஆடைக்கு ஒரு பத்தி இருப்பதுபோல் காயத்துக்கும் ஒரு பத்தி வேண்டும். நான்காவது படத்தில் அணுகுண்டு வெடிக்கும்போது ஈயம் பூசிய குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒளிந்து, பெட்டியோடு வானில் பறந்து, விழுந்து, எழுந்து நடக்கிறார். நம்ப முடியாத காட்சிகள் முந்தைய படங்களிலும் உண்டு. ரப்பர் படகில் விமானத்திலிருந்து குதித்ததை நாம் ஏற்றுக்கொண்டோம். பெட்டிக் காட்சியை ஏற்காததற்குக் காரணம், 65 வயது உடம்பு அந்த அடியை வாங்கியும் ஒன்றும் ஆகாததுதான். ஒரு விலா எலும்பு விரிசலைக் கொடுத்து, அதைப் படம் முழுக்கச் சுமக்க வைத்திருந்தால் அதே காட்சி பாதியாவது தப்பித்திருக்கும்.

டூப்பும் தொப்பியும்

அகலமான விளிம்புள்ள தொப்பி இந்த வரிசைக்குக் கிடைத்த பெரும் வரம். முகத்தை மறைக்கும், நிழலுருவத்தையும் தரும். உங்கள் நாயகனுக்கு அப்படி ஒரு அடையாளப் பொருள் இல்லையென்றால் இப்போது புதிதாகத் திணிக்காதீர்கள். தோள் வடிவம் தெரியும் மேலாடை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் போதும்.

டூப்பிடம் வழக்கமாகக் காணும் குறை, அவர் அளவுக்கு மீறிச் சுறுசுறுப்பாக இருப்பது. உயரம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் காலணியில் சரிசெய்துகொள்ளலாம். நடையைச் சரிசெய்யப் பயிற்சிதான் வழி. நடிகர் நடப்பதை, நாற்காலியிலிருந்து எழுவதை, படியிறங்குவதை, தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதை நான்கு பக்கத்திலிருந்தும் ஒரு மணி நேரம் படம்பிடித்து, டூப்பிடம் இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். எழும்போது எந்தக் கையை ஊன்றுகிறார், எந்தக் கால் முதலில் நகர்கிறது என்பதை அவர் மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஷாட்டைப் பிரிக்கும் முறை பழையதுதான். நடிகர் ஃபிரேமுக்குள் வந்து செயலைத் தொடங்குகிறார், டூப் முதுகுப்பக்கமாகச் செய்து முடிக்கிறார், விழுந்த இடத்திலிருந்து நடிகர் எழுகிறார். வெட்டு எப்போதும் அசைவின் நடுவில் விழ வேண்டும். முகத்தை கிராஃபிக்ஸில் ஒட்டப் போகிறீர்கள் என்றால் படப்பிடிப்புக்கு முன்பே நடிகரின் தலையை முழுதாக ஸ்கேன் செய்து, ஒவ்வொரு செட்டப்பிலும் ஒளி அளவையும் ஆளில்லாத வெறும் ஃபிரேமையும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய முகம் திரையில் மூன்று விநாடிக்கு மேல் நிற்க வேண்டாம்.

ஆடைக் கணக்கு பலருக்கும் பிந்தித்தான் உறைக்கும். சுத்தம், தூசி, கிழிசல், ஈரம் என்று மேலாடைக்கு நான்கு நிலை. ஒவ்வொன்றிலும் நடிகருக்கு இரண்டு, டூப்புக்கு இரண்டு. மொத்தம் 16. டூப் உள்ளே ரோப் கட்டும் ஹார்னெஸ் போடுவதால் அவருடையது ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இல்லையென்றால் வைட் ஷாட்டில் நாயகன் திடீரென்று பருத்துத் தெரிவார்.

இளமைப் பகுதி வேண்டுமா

ஐந்தாவது படம் 1944-இல் தொடங்குகிறது. ஏறத்தாழ 25 நிமிடம், ஃபோர்டின் முகத்தை இளமையாக்கி எடுத்தார்கள். ஐ.எல்.எம். என்ற கிராஃபிக்ஸ் நிறுவனம் பழைய படங்களின் ஃபுட்டேஜிலிருந்து அதே கோணம், அதே வெளிச்சம் உள்ள முகங்களைத் தேடியெடுத்துப் பயன்படுத்தியது. முகம் பல இடங்களில் அசத்துகிறது. குரல்தான் காட்டிக்கொடுக்கிறது. முகம் நாற்பதைக் காட்ட, குரல் எண்பதைச் சொல்கிறது. ரயில் கூரையில் ஓடும் வைட் ஷாட்டுகளில் உடம்பின் எடையும் சரியாக உட்காரவில்லை. 2019-இல் வந்த 'தி ஐரிஷ்மேன்' படத்தில் இதே குறை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். இளமையாக்கப்பட்ட ராபர்ட் டி நீரோ கடைக்காரரை உதைக்கும் காட்சியில் முகம் நடுவயது, கால் எழுபதைத் தாண்டியது.

கட்டாயம் வேண்டுமென்றால் ஐந்து நிமிடத்துக்குள் வையுங்கள். இரவு வெளிச்சம், தொப்பி நிழல், உட்கார்ந்த நிலை, குறைந்த வசனம். குரலுக்கு டப்பிங்கில் தனி உழைப்பு ஒதுக்குங்கள். பழைய படங்களின் ஒலித்தடத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு வரியாகச் சரிசெய்ய வேண்டும். முடியாத வரியை வெட்டிவிடுங்கள். வேலை முடியாத ஷாட்டைப் பாடலிலோ டீசரிலோ முதலில் விடாதீர்கள். 2024-இல் விஜய் நடித்த 'கோட்' படத்தின் பாடல் வெளியானபோது இளைய முகத்தைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். படத்தில் அது மேம்பட்டு வந்தபோதும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

எங்கள் விருப்பம் வேறு. மூன்றாவது படத்தில் 1912-இல் நடக்கும் தொடக்கப் பகுதியில் ரிவர் ஃபீனிக்ஸ் இளைய இண்டியாக வருகிறார். சாட்டை, தொப்பி, பாம்புப் பயம், தாடையில் உள்ள தழும்பு எல்லாம் எப்படி வந்தன என்று ஒரே துரத்தலில் காட்டிவிடுகிறார்கள். ஃபோர்டின் தாடைத் தழும்பு நிஜத்தில் ஒரு கார் விபத்தில் வந்தது. அதையே கதைக்குள் இழுத்துக்கொண்டார்கள். முகச்சாயல் முழுதாகப் பொருந்தாவிட்டாலும் தலைசாய்ப்பும் பேச்சின் வேகமும் பொருந்தியதால் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. நல்ல இளம் நடிகர் ஒருவரும் இரண்டு மாதப் பயிற்சியும் போதும்.

பக்கத்தில் யார்

இந்த வரிசையின் சிறந்த துணை, இளைஞரல்ல. மூன்றாவது படத்தில் 46 வயது மகனுக்குப் பக்கத்தில் 58 வயது ஷான் கானரியை அப்பாவாக உட்காரவைத்தார்கள். நிஜத்தில் 12 வயதுதான் வித்தியாசம். அப்பா பக்கத்தில் இருந்ததால் மகன் தானாக வயது குறைந்து சிறுவனானார். நாயகன் ஐம்பதுகளில் இருந்தால் இதைச் செய்யப் பாருங்கள். எழுபதைத் தாண்டிவிட்டால் சம வயதுத் தோழர் ஒருவரையாவது அருகில் வையுங்கள்.

இளைய துணை வேண்டும்தான், ஆனால் வாரிசாக அல்ல. நான்காவது படத்தின் கடைசியில் காற்றில் உருண்டுவந்த தொப்பியை மகன் எடுக்கிறான், அப்பா பிடுங்கிக்கொண்டு போகிறார். அரங்கம் மகிழ்ந்தது அந்தப் பிடுங்கலுக்கு. எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். துணையை நீக்கினால் நாயகனால் கதையை முடிக்க முடிகிறதா? நாயகனை நீக்கினால் துணையால் முடிகிறதா? இரண்டுக்கும் 'முடியாது' என்று பதில் வர வேண்டும். இரண்டாவதற்கு 'முடியும்' என்று வந்தால் நீங்கள் வேறு யாருடைய படத்தையோ எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

மறைந்தவர்களுக்கு ஒரு ஃபிரேம் போதும். முந்தைய படங்களில் நாயகனின் நண்பராக நடித்த டென்ஹோம் எலியட் 1992-இல் காலமானார். நான்காவது படத்தில் அவர் பாத்திரத்துக்குக் கல்லூரியில் ஒரு சிலை நிற்கிறது. கானரி ஓய்விலிருந்து வர மறுத்ததால் மேசையில் அவர் புகைப்படம் இருக்கிறது. காட்சியாக நீட்டவில்லை, அதனாலேயே மனத்தைத் தொட்டது.

ஷெட்யூலும் காப்பீடும்

ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவப் பரிசோதனை முடிய வேண்டும். பழைய காயங்களை விலக்கிவைத்துத்தான் அவர்கள் பாலிசி எழுதுவார்கள். எந்த மூட்டு, எந்த முதுகெலும்பு விலக்கப்பட்டிருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கி சண்டை மாஸ்டரிடம் ஒரு பிரதி கொடுங்கள். நடிகர் தானே செய்யும் ஒவ்வொரு அசைவும் முன்கூட்டிய பட்டியலில் இருக்கட்டும். செட்டில் உற்சாகத்தில் சேர்க்கும் ஒரு குதிப்பு பாலிசியையே செல்லாததாக்கலாம்.

காயம் எங்கே வருகிறது என்று பாருங்கள். 2021 ஜூனில் ஐந்தாவது படம் தொடங்கிய சில வாரத்திலேயே ஃபோர்டுக்குத் தோளில் அடி. டேக்கில் அல்ல, சண்டை ஒத்திகையில். 2014-இல் வேறொரு விண்வெளிப் படத்தின் செட்டில் கால் முறிந்தது. சண்டையே இல்லை, ஹைட்ராலிக் கதவு மேலே விழுந்தது. இங்கிலாந்து நீதிமன்றம் 2016-இல் தயாரிப்புத் தரப்புக்கு 16 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. ஆகவே ஒத்திகையை டூப் நடந்து காட்டட்டும், நடிகர் பாதி வேகத்தில் இரண்டே முறை. செட்டின் கதவு, படி, கேபிள், வழுக்கும் தரை எல்லாவற்றையும் நடிகர் வரும் முன் உதவி இயக்குநர் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும்.

வயது மட்டுமே காரணம் என்றும் நினைக்காதீர்கள். 1983-இல் இரண்டாவது படத்தின்போது, 40 வயதில், யானைமேல் எடுத்த காட்சிகளும் ஒரு சண்டையும் சேர்ந்து ஃபோர்டின் முதுகுத்தண்டில் டிஸ்க் பிதுங்கியது. லாஸ் ஏஞ்சலஸுக்குப் பறந்து, பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் நொதியை ஊசியாகப் போட்டுக்கொண்டார். அவர் திரும்பும்வரை ஏறத்தாழ ஐந்து வாரம் டூப் விக் ஆர்ம்ஸ்ட்ராங்கை வைத்துச் சண்டையை எடுத்துவிட்டு, பிறகு ஃபோர்டின் க்ளோஸப்புகளைச் செருகினார்கள். அந்த ஏற்பாட்டை விபத்துக்குப் பிறகு தேடாமல் முதல் நாளே தயாராக வையுங்கள். நடிகர் இல்லாமல் எடுக்கக்கூடிய பத்து நாள் வேலை எப்போதும் கையில் இருக்க வேண்டும். டூப் ஷாட்டுகள், தனிக்குழு எடுக்கும் செகண்ட் யூனிட் காட்சிகள், வில்லனின் தனிக்காட்சிகள், கை, பொருள் போன்றவற்றின் இன்செர்ட்டுகள், திட்டம் தடைப்பட்டால் உடனே எடுக்க ஒரு கவர் செட்.

முதல் மூன்றில் ஒரு பங்கு நாட்களில் பேசும் காட்சிகளை எடுங்கள். முகம் கையில் வந்துவிடும், நடிகரின் உடலும் வேலைக்குப் பழகும். இலேசான அதிரடியை இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தூவுங்கள். கனமானதை நடுப்பகுதியின் இறுதியில் வைத்து, ஒவ்வொரு அதிரடி நாளுக்கும் மறுநாள் உட்கார்ந்த காட்சி. மேக்கப்போடு சேர்த்து ஒரு நாளுக்கு பத்து மணி நேரம், இரண்டு கால்ஷீட்டுக்கு நடுவே 12 மணி நேர ஓய்வு. தொடர் இரவுப் படப்பிடிப்பு கூடாது. அதிரடி ஷாட்டுக்கு மூன்று டேக், இரண்டு கேமரா. க்ளோஸப்புக்கு 75, 85 மி.மீ. லென்ஸ் போடுங்கள். வைட் லென்ஸோடு அருகில் போனால் மூக்கு பெரிதாகிச் சுருக்கம் ஆழமாகும். அதற்காக மென்படலம் போட்டு முகத்தைக் கரைக்கவும் வேண்டாம். பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தச் சுருக்கங்கள் கதை சொல்லும்.

பட்ஜெட்

வெளியான கணக்குகளின்படி நான்காவது படத்தின் செலவு சுமார் 18.5 கோடி டாலர், உலக வசூல் சுமார் 79 கோடி. ஐந்தாவதன் செலவு 29 கோடியைத் தாண்டியது, வசூல் 38 கோடி அளவில் நின்றது. தியேட்டர் பங்கு, விளம்பரம் எல்லாம் போக, செலவைப்போல் இரண்டரை மடங்கு வசூலானால்தான் படம் தப்பிக்கும் என்பது பொதுக்கணக்கு. நான்காவதுக்கு 46 கோடி தேவைப்பட்டது, தாராளமாக வந்தது. ஐந்தாவதுக்கு 73 கோடி தேவைப்பட்டது. பழைய ரசிகர்களுக்கும் வயதாகிவிட்டது, முதல் வாரம் ஓடிவர மாட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு இந்தத் தொப்பி அப்பாவின் நினைவு. எனவே வரிசையின் பழைய உச்ச வசூலை வைத்துக் கணக்கிடாதீர்கள், அதில் பாதி வந்தாலும் தப்பிக்கிற பட்ஜெட்டைப் போடுங்கள். வெட்ட வேண்டியது எங்கே என்று கேட்டால், இளமையாக்கும் கிராஃபிக்ஸும் முழுக்கக் கணினியில் உருவாகும் துரத்தலும். நிஜ இடத்தில், நிஜத் தூசியில் நடக்கும் ஒரு நடுத்தர அதிரடி, வயதான நடிகருக்கு அதிக மரியாதை தரும்.

கடைசியாக ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு. தலை ஸ்கேன், குரல் பதிவு, பழைய ஃபுட்டேஜிலிருந்து எடுத்த முகத் தரவு எல்லாம் யாருக்குச் சொந்தம், எந்தப் படத்துக்கு மட்டும் பயன்படும், நடிகர் மறைந்தபின் யார் சம்மதம் தர வேண்டும் என்று தனித்தனியாக எழுதுங்கள். 2023 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஹாலிவுட் நடிகர் சங்க ஒப்பந்தத்தில் டிஜிட்டல் நகலுக்குச் சம்மதமும் ஊதியமும் கட்டாயமாகிவிட்டன. அந்தச் சங்கத்துக்கு வெளியே எடுப்பவர்கள் இதைத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டும். ஸ்கேன் நடக்கும் நாளுக்கு முன்பே நடிகரின் வழக்கறிஞர் அந்தப் பக்கத்தைப் படித்துக் கையெழுத்திட்டிருக்கட்டும்.